கல்யாணக் கலர்

நவம்பர் 17

அப்பா இன்று சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் கருப்புக்கு மாறிவிடுவார்கள். கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, வெறுங்கால், ஷேவ் பண்ணாத முகம். மலைக்குப் போய்த் திரும்பும்வரை அப்பாவை நாங்கள் அப்பா என்று கூப்பிடுவதில்லை, சாமி என்றுதான். அவரும் எல்லோரையும் சாமி என்பார். அம்மா காலையிலேயே "சாமி, காபி" என்று ஆரம்பித்துவிட்டாள். நேற்று வரை "இந்த மனுஷன்"தான்.

நான் வேலைக்குக் கிளம்பி வந்தேன். கருப்பு குர்தா, கருப்பு லிப்ஸ்டிக், வெள்ளிச் சங்கிலி, காதில் ஐந்து வளையம். வருடம் முழுக்க எனக்கு இதுதான் உடுப்பு. இதற்கு கோத் என்று பெயர். கருப்பு உடை, சோகப் பாட்டு என்று வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பாணி. அதில் வரும் சோகம் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. அம்மா வாசலை மறித்தாள். இருக்கிற கலருக்கு இதையும் போட்டால் இருட்டில் பல் மட்டும்தான் தெரியும் என்றாள். நான் அப்பாவைக் கைகாட்டினேன்.

"அவர் கருப்பு சாமிக்கு. உன் கருப்பு யாருக்கு?"

பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு நாலு பதில் வந்தது. வழக்கம்போல.

அப்பா இட்லியிலிருந்து தலை தூக்கவில்லை. என் நிறத்தைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருடைய நிறம்தான் எனக்கு வந்திருக்கிறது. அம்மா மாநிறம். எனக்கு வெண்ணிலா என்று பெயர் வைத்ததும் அம்மாதான். பெயரிலாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

நவம்பர் 19

ஸ்டுடியோவில் இரண்டு கல்யாண ஆல்பம். என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் போட்டோ எடிட்டிங் என்பேன். நிஜத்தில் என் வேலை வெளுப்பது. முதலாளி ஞானப்பிரகாசம் அண்ணன் கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங் பதிந்து வைத்திருக்கிறார். அதற்குக் கல்யாணக் கலர் என்று அவரே பெயர் வைத்தார். கீபோர்டில் எஃப் நாலை அழுத்தினால் பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி எல்லோரும் ஒரே தட்டில் வைத்த இட்லி ஆகிவிடுவார்கள். அப்புறம் கழுத்தையும் கையையும் நான் தனியாகப் பார்த்துச் சரி பண்ண வேண்டும். கழுத்தை விட்டால் மாட்டிக்கொள்வோம்.

திருவள்ளூர்ப் பெண் ஒருத்தி. நல்ல கருப்பு, நல்ல சிரிப்பு. அவளுடைய அண்ணன் வந்து நின்று, மண்டபத்தில் லைட் கம்மி, முகம் தெரியவில்லை, கொஞ்சம் தூக்கி விடுங்கள் என்றான். முகம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. எஃப் நாலு. சிரிப்பு மட்டும் மிஞ்சியது.

நவம்பர் 22

பெசன்ட் நகரில் மேக்னா வீட்டு மொட்டைமாடி. இரண்டு வருடமாக இவர்களை இன்ஸ்டாகிராமில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சென்னையில் கோத் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மொத்தமே ஒரு வேன் அளவுக்குத்தான் இருப்போம். மேக்னா அந்த வேனுக்கு டிரைவர் மாதிரி. கூப்பிட்டதே பெரிய விஷயம்.

படியேறும்போது லிப்ஸ்டிக்கை இன்னொரு தடவை பூசிக்கொண்டேன். மேலே எல்லோரும் கருப்பு உடுப்பு. எங்கள் அம்பத்தூரில் என்னைப் பார்த்தால் நாய் கூடக் குரைக்கிறது, இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மையைக் கலைக்காமல் அடக்கிக்கொண்டேன்.

மேக்னா என்னை நிறுத்திப் பார்த்தாள். "போட்டோல வேற மாதிரி இருந்தியே" என்றாள். லைட்டிங் என்று சொன்னேன். என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுகிற படமெல்லாம் கருப்பு வெள்ளைதான். கோத்துக்கு அதுதான் எடுக்கும். கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவேன், எல்லோரும் செய்வதுதானே.

டிசம்பர் 21 அன்று டார்க் டிசம்பர் என்று ஒரு விழா நடத்துகிறார்கள். பாட்டு, உடை அணிவகுப்பு, வாசலில் ஆளுயரப் போஸ்டர். கிளம்பும்போது மேக்னா சொன்னாள், போஸ்டருக்கு என் முகம். என் கண் நல்ல கண்ணாம். மூன்று முறை நிஜமாகவா என்று கேட்டேன். மானம் போகிற அளவுக்குக் கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 24

கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் என் முதுகைப் பார்த்து "சாமி, முன்னாடி போங்க சாமி" என்றார். திரும்பினேன். லிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு அவர் விசிலை விழுங்கப் போனார். பஸ்ஸே சிரித்தது. எரிச்சல்.

நவம்பர் 27

ஆன்லைனில் ஆர்டர் பண்ணின வெள்ளைக் கிரீம் வந்தது. கோத் முகம் என்றால் வெளிறிப் போய், ரத்தமே இல்லாத மாதிரி இருக்க வேண்டும். வீடியோவில் ஐரோப்பாக்காரிகள் பூசினால் பீங்கான் மாதிரி இருக்கிறது. நான் பூசினேன். அடுப்புச் சாம்பல். இன்னொரு தடவை பூசினேன். கூடுதல் சாம்பல். பழனியில் விபூதிக்குள் தொலைந்துபோய்ப் போன வாரம் கிடைத்தவள் மாதிரி இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இப்பவாவது உனக்குத் தோணுச்சே. எந்தக் கம்பெனி? கழுத்துக்கும் போடு, கழுத்த விட்டுடாத" என்றாள்.

பேய் வேஷம் என்று சொல்லிப் பார்த்தேன். பேயோ பிசாசோ, தினம் போடு என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு ஒரு அப்பளம் அதிகம்.

ஊரை எதிர்த்து ஒரு காரியம் செய்தேன், அது அம்மா இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த காரியமாகப் போய்விட்டது. டப்பாவைத் தூக்கி எறியலாம் என்று பார்த்தேன். விலை ஞாபகம் வந்தது. பீரோவில் இருக்கிறது.

நவம்பர் 30

போட்டோ ஷூட். எல்லோருக்கும் ஒரே டப்பாவிலிருந்து வெள்ளை பூசினார்கள். என் முறை வந்ததும் பூசுகிற பெண் ஸ்பான்ஜை வைத்துக்கொண்டு மேக்னாவைப் பார்த்தாள். மேக்னா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பூசினார்கள், சாம்பல் ஆனது, துடைத்தார்கள். கடைசியில் மேக்னா, பரவாயில்லை, அப்படியே எடுங்கள் என்றாள்.

கண்ணுக்கு மை, கருப்பு உதடு, தலையில் கருப்பு வலை. அவ்வளவுதான். கேமராவில் காட்டினார்கள். பின்னால் இருட்டு, அதிலிருந்து நான் வந்துகொண்டிருந்தேன். எண்ணெய் தடவின கருங்கல் மாதிரி கன்னத்தில் வெளிச்சம். ஒரு தடவை கூட எனக்கு எஃப் நாலு ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அப்பா கண்ணாடி முன்னால் நின்று தாடியைச் சீவிக்கொண்டிருந்தார். மாலை போட்ட இந்த நாட்களில்தான் அப்பா கண்ணாடி பார்ப்பார். மற்ற மாதங்களில் வெளிர் நீலம், சந்தனக் கலர் சட்டை மட்டும்தான். தீபாவளிக்குக் கருப்புச் சட்டை எடுத்துக் காட்டினால், நமக்கு எடுக்காது என்று திருப்பி வைத்துவிடுவார். கார்த்திகையில் மட்டும் அவருக்குக் கருப்பு எடுக்கிறது. குட்டி யானை வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது போலீஸ்காரர் கூட "சாமி, ஓரமா நிறுத்துங்க" என்கிறாராம். மற்ற நாளில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 3

மூன்று நாளைக்குப் பெரியம்மா வீடு. வீட்டில் விரதச் சாமி இருந்தால் மாதத்தில் இந்த நாட்களில் நான் அங்கே இருக்கக் கூடாது. என் கருப்பும் ஆகாது, நானும் ஆக மாட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 4

பெரியம்மா முகத்தில் கடலை மாவு அப்பினாள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.

டிசம்பர் 9

போஸ்டர் வந்தது. வாட்ஸ்அப்பில் மேக்னா அனுப்பினாள், கூடவே மூன்று இதயம்.

முதலில் அது யாரென்று தெரியவில்லை. என் மூக்கு, என் உதடு, என் காது வளையம். முகம் மட்டும் சுண்ணாம்பு. பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியாதா? வெளிச்சத்தைத் தூக்கி, சிவப்பைக் குறைத்து, நிழலைத் துடைத்திருக்கிறார்கள். எஃப் நாலேதான். பெயர் மட்டும் வேறாக இருக்கும். அதிலும் கழுத்தை விட்டுவிட்டார்கள். முகம் ஒருத்தி, கழுத்து இன்னொருத்தி. வேலையாவது சுத்தமாகச் செய்யக் கூடாதா?

போன் பண்ணினேன். கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பண்ணினேன், கத்தினேன். மேக்னா கத்தவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் கத்துவதில்லை போலிருக்கிறது.

"தப்பா எடுத்துக்காத. இது உன் கலர் பத்தி இல்ல. கோத்னாலே ஒரு வெளிறின லுக். இருட்டுல முகம் தெரியணும் இல்ல?"

திருவள்ளூர்ப் பெண்ணின் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அவனாவது லுங்கியில் வந்து சொன்னான்.

அப்படியென்றால் என்னை ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டேன். கண் என்றாள். கண்ணை மட்டும் வெட்டி எடுத்துக்கொள் என்று போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 10

அப்படி வைத்திருக்கக் கூடாது. இவர்களை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

டிசம்பர் 14

மேக்னாவே பேசினாள். அந்த எடிட் மோசம்தான் என்று ஒத்துக்கொண்டாள். நீயே ஸ்டுடியோவில் இருக்கிறாய், நீயே அளவாகப் பண்ணிக் கொடு, பத்தொன்பதாம் தேதி சாயங்காலத்துக்குள் வரவில்லையென்றால் வேறு முகம் போட்டுவிடுவேன் என்றாள். கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஷூட்டில் எடுத்த என் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஞானப்பிரகாசம் அண்ணன் பின்னால் வந்து நின்றார். நல்ல படம், கொஞ்சம் தூக்கு என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனார்.

விரல் எஃப் நாலு மேல் இருந்தது. அழுத்தினால் போஸ்டரில் நான். அளவாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. என் கை அவ்வளவு நல்ல கை. நான் இன்ஸ்டாகிராமில் போடும் படங்களில் இன்றுவரை யார் கண்டுபிடித்தார்கள்?

மூடிவிட்டேன். இன்னும் நாள் இருக்கிறது.

டிசம்பர் 19

இன்று அப்பாவுக்கு இருமுடி கட்டு. காலையில் பிள்ளையார் கோயிலில் வரிசையாகச் சாமிகள் உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் முடிப்பையில் மூன்று கை அரிசி போட வேண்டும். அம்மா எனக்கு மஞ்சள் சுடிதார் எடுத்து வைத்திருந்தாள். சண்டை போடவில்லை, போட்டுக்கொண்டேன். கோயில் முழுக்கக் கருப்பு, நான் மட்டும் மஞ்சள். என் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். தலையில் இருமுடி, நெற்றியில் சந்தனம், பின்னால் சுவர். பக்கத்திலிருந்து வெயில். கருப்புச் சட்டைக்கு மேல் அந்த முகம் வேர்வையில் மின்னியது. ஆயிரக்கணக்கான முகம் பார்க்கிறவள் சொல்கிறேன், அப்பாவுக்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அனுப்பிவிட்டாயா என்று கேட்டார். இதோ என்றேன். கையை ஆட்டி என்னைக் கிட்டே வரச் சொன்னார். பக்கத்து சீட் சாமிக்குக் கேட்காத குரலில், ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் குனிந்து சொன்னார்:

"கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைக்கெல்லாம் பண்ணுவியே. அப்பாவையும் கொஞ்சம் கலராக்கிக் குடும்மா. குரூப்ல போடணும்."

மாலை போட்ட நாளிலிருந்து அவர் தன்னை அப்பா என்று சொன்னது இப்போதுதான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தாடியைத் தடவிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். சட்டைக் கடையில், கண்ணாடி முன்னால், டிராபிக்கில், எல்லா இடத்திலும் சொல்லாமலே இருந்திருக்கிறார். நான்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

"சரிப்பா" என்றேன்.

திரும்பி நின்றேன். போனில் படத்தை வைத்துக்கொண்டு விரலை மேலும் கீழும் தேய்த்தேன். ஒரு நிமிஷம் ஆனது போலக் காட்டிக்கொண்டேன். படத்தின் மேல் ஒரு புள்ளி கூடத் தொடவில்லை. அப்படியே அனுப்பினேன்.

அப்பா திறந்து பார்த்தார். இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கினார். அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவர் முகம் மெதுவாக விரிந்தது.

"இப்ப நல்லாருக்கேன், இல்ல?"

நல்லா இருக்கீங்க என்றேன். அவர் பக்கத்து சீட்டுக்குப் போனைத் திருப்பினார். "என் பொண்ணு பண்ணது சாமி. ஸ்டுடியோவுல இருக்கா." அந்தச் சாமி பார்த்துவிட்டு, சினிமாவுக்கே போகலாம் சாமி என்றார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். சரணம் சொல்லிக்கொண்டு பஸ் கிளம்பியது. அம்மா கையாட்டினாள். நான் மஞ்சள் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் மேக்னாவுக்கு என் படத்தை அனுப்பினேன். கை வைக்காத படம். எடிட் பண்ணிவிட்டேன் என்று பொய் சொல்லவில்லை. அவள் ஒன்றும் என் அப்பா இல்லையே. இதுதான் படம், வேண்டுமென்றால் போடு என்று எழுதினேன்.

டிசம்பர் 20

மேக்னாவிடமிருந்து ஒரு வரி. புரிகிறதாம், ஆனால் போஸ்டருக்கு வேறு முகம் போய்விட்டதாம், விழாவுக்குக் கட்டாயம் வர வேண்டுமாம். ஒரு இதயம். போன தடவை மூன்று.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டு வருடம் அந்த மொட்டைமாடிக்கு ஏங்கியிருக்கிறேன். கண் வீங்கித்தான் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஞானப்பிரகாசம் அண்ணனிடம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பெரிய அளவில் பிரின்ட் போட்டேன். என்னுடையது மூன்று, அப்பாவுடையது ஒன்று. அண்ணன் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, கலர் போடவில்லையே என்றார். போட்டாகிவிட்டது என்றேன்.

வீட்டில் அம்மா அப்பா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் கருப்பாத் தெரியறாரே, நீ எதுவும் பண்ணலையா என்று கேட்டாள். பண்ணினதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், சொல்லிவிடாதே என்றேன். அம்மா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலில் காலண்டரை எடுத்துவிட்டு அந்த ஆணியில் மாட்டினாள். இறங்கி, கோணலா என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 21

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

முழுக் கருப்பு. கண்ணில் மை, கருப்பு லிப்ஸ்டிக், சங்கிலி. முகத்தில் முகம். அந்த வெள்ளை டப்பா பீரோவிலேயே இருக்கிறது, அம்மா எடுத்துக்கொள்ளட்டும். அவள் இன்று வாசலை மறிக்கவில்லை. சீக்கிரம் வா என்றாள்.

மடியில் மூன்று பிரின்ட், பையில் டேப். ஆளுயரப் போஸ்டர் பக்கத்தில் என்னுடையதை நானே ஒட்டப் போகிறேன். மேக்னா எடுத்துவிட்டால் இன்னொன்றை ஒட்டுவேன். அதையும் எடுத்தால் மூன்றாவது இருக்கிறது. அதற்கு மேல் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

அதே கண்டக்டர். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். அவரும் மாலை போட்டிருக்கிறார் என்பதை இன்றுதான் கவனித்தேன், காக்கிச் சட்டைக்குள் துளசி மணி. "வாங்க சாமி, ஜன்னலோரம் காலியா இருக்கு" என்றார். கிண்டல்தான். ஆனாலும் போய் உட்கார்ந்தேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோது, என்ன சாமி சுருட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றை விரித்துக் காட்டினேன்.

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கீங்க" என்றார்.

இன்னும் ஒரு பஸ் மாற வேண்டும். படத்தைத் திரும்பச் சுருட்டவில்லை.